எந்த வளைவில் என்று கேட்டேன்

இன்று காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில், பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் மல்லிகைப்பூ மூட்டை. ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைக்காமலே இறங்கி பிரேக் கேபிள் கேட்டார். ஆயில் கலந்த பெட்ரோல் எரிகிற நீலப் புகை படியேறிக் கடைக்குள் வந்தது. கேபிளைத் தேடிக்கொண்டே நான் காதைக் கொடுத்தேன். சத்தம் அமுங்கி, வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகிக்கொண்டிருந்தது. "டைமிங் பின்னாடி போயிருக்குடி" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன். பூக்காரர் திரும்பிப் பார்த்தார். கடையில் என்னையும் அவரையும் தவிர யாரும் இல்லை.

உன்னிடம்தான் சொன்னேன். நீ போய் மாதங்கள் ஆகின்றன. இருந்தும் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் உன் பக்கம்தான் திரும்புகிறேன். திரும்பிய பிறகு, முதல் தடவை கேள்விப்படுகிறவள் போல மறுபடியும் அடிபட்டு நிற்கிறேன்.

அன்றைக்கு மதியம் பாண்டி போன் செய்தபோது நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு எடுத்தேன். உன் தம்பிக்கு எப்போதுமே உரத்த குரல். குட்டியானை லோடு வண்டியில் காய்கறி ஏற்றி ஊர் ஊராக ஓடுகிறவன், இன்ஜினுக்கு மேலே கத்திப் பேசியே பழகியவன். அன்று அவன் குரல் எழும்பவே இல்லை.

"சபிக்கா... அக்கா போயிருச்சுக்கா."

"எந்த வளைவுல?" என்று கேட்டேன்.

அன்று ரேஸ் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ வண்டியோடு என் வீட்டுக்கு வருவதாக இருந்தாய். அதெல்லாம் தெரிந்தும் வாயில் வந்தது அந்தக் கேள்விதான்.

"வளைவு இல்லக்கா. வீட்லதான். மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"மொச்சையா?" என்றேன்.

உன் சாவைக் கேட்ட வாயால் நான் கேட்ட இரண்டாவது கேள்வி இது. அதன் பிறகு போன் கையிலிருந்து எப்படி நழுவியது, என் மாமியார் வந்து எப்போது என் தோளைப் பிடித்தார் என்பதெல்லாம் நினைவில் இல்லை. மொச்சை என்கிற சொல் மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மண் தடத்தில் முழங்கால் தரையைத் தேய்க்கச் சாய்ந்து போகிறவள் நீ. உன்னை மொச்சை எப்படிக் கொல்லும்?

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் நாம் இரண்டே பெண்கள். நீ குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் பேகம்பூரில் அத்தாவின் தோல் குடோனுக்குப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவேன். முதல் வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. பட்டறை வகுப்பில் ஒரு பழைய இன்ஜினைக் கழற்றி மாட்டச் சொன்னபோது, "நீ மாட்டு, நான் ஓட்டுறேன்" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை. மேசையில் போல்ட் போட்டு முடுக்கிய இன்ஜினை எங்கே ஓட்டுவது என்று நான் கேட்டேன். பையன்களெல்லாம் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உண்மையாகவே ஓட்டுவதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாய்.

படிப்பு முடிந்து நீ நூற்பாலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தாய். முதல் சம்பளத்தில் வீட்டுக்குச் சேலை வாங்குவார்கள். நீ விளக்கும் இல்லாத, மட்கார்டும் இல்லாத ஒரு நூறு சிசி டூ ஸ்ட்ரோக்கை வாங்கி வந்தாய். எவனோ ரேஸில் ஓட்டித் தேய்த்துப் போட்டது. "கழுதைக்கு உசுரு இருக்கான்னு பாருடி" என்று எங்கள் வீட்டுக் கொல்லையில் இறக்கினாய். என்னிடம் ஒரு டயல் கேஜும் டார்ச் பல்பும் இருந்தன. மேக்னெட் மூடியைக் கழற்றினேன். நீ பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாய்.

ரேஸ் வண்டியில் டைமிங் வைப்பது பெரிய மந்திரம் கிடையாது, ஆனால் விளையாட்டும் கிடையாது. பிஸ்டன் உச்சிக்கு ஏறி முடிப்பதற்கு முன்பே பிளக்கில் பொறி விழுந்துவிட வேண்டும். நெருப்புக்குப் பரவ நேரம் வேண்டுமே. சரியான இடத்தில் விழுந்தால் வண்டி பறக்கும். பிந்தி விழுந்தால் சூடேறி மந்தமாகும். ரொம்பவும் முந்தி விழுந்தால் பிஸ்டனில் ஓட்டையே போட்டுவிடும். பிளக் துவாரத்தில், பிஸ்டன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முள் காட்டும் டயல் கேஜைச் செருகி, மேக்னெட்டைக் கையால் மெல்லத் திருப்பி, பாயிண்ட் இரண்டும் பிரிகிற கணத்தில் பல்பு மினுங்குகிறதா என்று பார்த்து, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை இம்மி நகர்த்தி, திருகை முடுக்கி, மறுபடியும் பார்க்க வேண்டும். முடுக்கும்போது மறுபடி நகரும். பொறுமை வேண்டும். "எனக்கு இந்தப் பொறுமையெல்லாம் வராதுடி. எனக்கு ஓட்டத்தான் வரும்" என்பாய். நான் அதை நம்பினேன். கடைசிவரை நம்பினேன்.

முதல் ரேஸ் ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடம் கேட்க வேண்டியதே இல்லை. நீதான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம், அறுவடை முடிந்த ஒரு காட்டில் மண் தடம் போட்டிருந்தார்கள். பெண்களுக்குத் தனிப்பிரிவு கிடையாது. பத்துப் பதினைந்து ஆண்களோடு நீயும் கோட்டில் நின்றாய். முந்தின நாள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி நன்றாகத்தான் இருந்தது. கோட்டில் நின்றபோது இன்ஜின் அணைந்துபோனது. நீ கிக்கரை உதைத்தாய். அது திருப்பி உன் காலை உதைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உதைத்தாய். இன்ஜின் பிடித்தது. சத்தம் ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் யோசிப்பதற்குள் கொடி இறங்கிவிட்டது.

எல்லா வண்டிகளும் முன்னால் பாய்ந்தன. உன் வண்டி பின்னால் பாய்ந்தது.

நீ ஹேண்டில்பார் மேல் முன்பக்கமாகக் குப்புற விழ, வண்டி உன்னைச் சுமந்தபடி பின்னாலேயே ஓடி, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதிக் கவிழ்ந்தது. கூட்டத்தில் யாருக்கும் எதைப் பார்த்தோம் என்றே புரியவில்லை. கயிற்றைத் தாண்டி நான் ஓடி வந்தேன். டயர்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தாய். ஹெல்மெட்டுக்குள் உன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

"வண்டிக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சுடி."

கொடி காட்டியவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஏனுங்க, நாஞ் சொந்தக் கண்ணால பாத்தனுங்க. ஆனா சொன்னா எவனும் நம்ப மாட்டானுங்க" என்றார். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. முன்பு வைத்திருந்தவன் முடுக்கி முடுக்கித் திருகின் மரையைத் தேய்த்திருக்கிறான். அதிர்வில் தட்டு கழன்று நகர்ந்து, பொறி வெகு முன்னதாக விழுந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். மேலே ஏறி வந்த பிஸ்டனை நெருப்பு அப்படியே திருப்பி அனுப்பிவிட, இன்ஜின் தலைகீழாகச் சுற்றத் தொடங்கியிருக்கிறது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். அன்றைக்கு வேர்வையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "இனிமே நீ கையி வைக்காம நான் இதுல ஏற மாட்டேன்."

சொன்னபடியே செய்தாய். ஒவ்வொரு ரேஸுக்கும் முந்தின வாரம் பாண்டியின் குட்டியானையில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து நிற்பாய். எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீடும் திண்டுக்கல்தான், உதிரிபாகக் கடைக்காரர். முதல் ஒரு வருஷம் புதுமருமகள், பிறகு வயிற்றில் பிள்ளை, பிறகு கையில் பிள்ளை. அந்த நாட்களில் உன் வண்டி வரவில்லை; என் ஸ்பேனர்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தன. அப்போதுதான் நீ மறுபடியும் வந்தாய். "டைமிங் கலைஞ்சுருச்சுடி, செத்த பாரு." மாமி எட்டிப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். "உங் கூட்டாளி வண்டி வந்திருக்கு. போ, பாரு. அடுப்புல இருக்கிற வெஞ்சனத்த நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றினால் டைமிங் கொஞ்சம் பின்னால் போயிருக்கும். எப்போதும் ஒரே அளவு, ஒரே பக்கம். பாயிண்டின் அடிக்கட்டை தேய்வதால் இப்படி ஆகும் என்று உனக்கு விளக்குவேன். "ஒரு ரேஸுக்கா இம்புட்டு தேயும்?" என்று வாயைப் பிளந்து கேட்பாய். மட்டமான சரக்கு வருகிறது என்று நான் கம்பெனிக்காரர்களைத் திட்டுவேன். எங்கள் கடையிலிருந்தே புது பாயிண்ட் எடுத்து மாட்டுவேன். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாய். பிறகு மாமி கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, என் மகளை டேங்க் மேல் உட்கார வைத்து உறுமல் சத்தம் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புவாய்.

மகள் பிறந்த பிறகு ரேஸ் பார்க்க நான் வரவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தேன். ஒருமுறை காறை எலும்பு முறிந்தது, இன்னொரு முறை முழங்கையில் தோல் மொத்தமும் போனது. ஒவ்வொரு வளைவையும் உன்னிடம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தேன். எங்கே மண் தளர்வாக இருக்கிறது, எங்கே வேலி பக்கத்தில் இருக்கிறது, எல்லாம். என் பயம் முழுவதையும் அந்த இடங்களில்தான் வைத்திருந்தேன். சாயங்காலம் உன் போன் வரும். "கையி ரெண்டு, காலு ரெண்டு, தல ஒண்ணு. எண்ணிப் பாத்துட்டேன்." அதற்கப்புறம்தான் எனக்குப் பசிக்கும்.

நாங்கள் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உன்னை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். உன் முகத்தில் ஒரு கீறல் இல்லை. நான் தேடினேன். பெண்களை விலக்கிக்கொண்டு போய் நெற்றியை, காதோரத்தை, பிடரியைத் தடவித் தேடினேன். பார்த்தவர்கள் நான் கொஞ்சுவதாக நினைத்திருப்பார்கள். முழங்கையில் அந்தப் பழைய தழும்பு மட்டும்தான் இருந்தது. உள்ளே முற்றத்தில் சுளகில் பாதி மொச்சை உரித்தபடி, பாதி தோலோடு அப்படியே கிடந்தது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

உன் அம்மா அழவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடமும் சொன்னார்.

"பேசிக்கிட்டேதான் தாயி உரிச்சா. தல என்னமோ பண்ணுதும்மான்னா. செவத்துல சாஞ்சு கண்ண மூடுனா. சிப்ட் முடிச்சு வந்த புள்ள, அலுப்புல தூங்குறான்னு நெனச்சேன். வேர்க்குமேன்னு ஃபேன அவ பக்கம் திருப்பி வச்சேன். வச்சுட்டு நாம்பாட்டுக்கு மிச்சத்த உரிச்சுக்கிட்டு இருந்தேன் தாயி. பக்கத்துலதான் இருந்தேன்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பாண்டியை வெளியே இழுத்துக்கொண்டு போய் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். மூளையில் ஒரு ரத்தக்குழாய், பிறவியிலேயே பலவீனமாக இருந்திருக்கும், வெடித்துவிட்டது என்றாராம். நான் விடவில்லை. "அன்னைக்கு டயர்ல மோதுனாளே? காறை எலும்பு முறிஞ்சப்ப தலையில அடி பட்டுச்சா? கேட்டியா?" பாண்டி பொறுமையாகச் சொன்னான். "எல்லாத்தையும் சொன்னேங்க்கா. ரேசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுட்டாரு. வண்டியவே தொடாம இருந்திருந்தாலும் இதேதானாம்." எனக்கு ஏதாவது ஒரு வளைவு வேண்டியிருந்தது. திட்டுவதற்கு ஒரு இடம். அது கூடக் கிடைக்கவில்லை.

பல வாரங்கள் கழித்து பாண்டி உன் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினான். உன் அம்மாவால் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லையாம். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், ரேஸ் பிரியர், வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். "ஒரு தடவ டைமிங் பாத்து வச்சுக் குடுத்துருங்கக்கா" என்றான். நான் பிஸ்கட் டின் காலத்துக்கு முந்திய அந்த டயல் கேஜையே எடுத்தேன். பிளக்கைக் கழற்றினேன். மேக்னெட்டை மெல்லத் திருப்பினேன். பல்பு மினுங்கியது. முள்ளைப் பார்த்தேன். நம்ப முடியாமல் மறுபடி திருப்பினேன். மறுபடியும்.

இம்மி கூட நகரவில்லை. கடைசியாக நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

"பாண்டி, இதுல கடைசி ரேஸ் ஓடுனாளா இல்லையா?"

"ஓடுச்சுக்கா. ரெண்டாவதா வந்துச்சே."

"அப்ப இது பின்னாடி போயிருக்கணுமே. எப்பவும் போகுமே. பாயிண்ட் தேயுமே."

பாண்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"தேயாதுக்கா," என்றான். "அக்காதான் கலைச்சுவிடும். இங்க வாரதுக்கு முந்தின நாளு மூடியத் தெறந்து, ஸ்க்ரூவ லூசாக்கி, செத்த பின்னாடி தள்ளி வைக்கும். வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்துச்சு. இந்தத் தடவ அடுத்த ஞாயித்துக்கெழமதான வாரதா இருந்துச்சு? இன்னும் கலைக்கல."

"அவளுக்கு டைமிங் பாக்கத் தெரியாதே" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க. வண்டி பின்னாடி ஓடுச்சுல்ல, அந்த வாரமே உக்காந்து கத்துக்கிருச்சு. எங்கூருல நாலஞ்சு பயலுக வண்டிக்கு அதுதான் வச்சுக் குடுக்கும். கேஜ் கூடக் கெடையாது. பிஸ்டன அளக்க சைக்கிள் போக்ஸ்கம்பியில கோடு கீறி வச்சிருக்கும், பாயிண்ட் பிரியுறதப் பாக்க நடுவுல பீடிக்கட்டு சுத்துன தாளு. அம்புட்டுதான்."

"அப்புறம் ஏன்டா?"

"நானும் கேட்டேங்க்கா. உங்களுக்குப் பாப்பா பொறந்த புதுசுல. அதுக்குச் சொல்லுச்சு, 'சபி ஸ்பேனரத் தொட்டு வருசமாச்சுடா. கேட்டா நேரமில்லங்கிறா. சும்மா பாக்க வந்தேன்னு போனா டீயக் குடுத்து அனுப்பிருவா. வண்டி கெட்டுப்போச்சுன்னு போய் நின்னாத்தான் கையில எடுப்பா'ன்னு."

என் மரமண்டைத்தனமான பிரசங்கங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அடிக்கட்டைத் தேய்மானம். மட்டமான சரக்கு. கம்பெனிக்கு நான் போன் செய்து சண்டை போட்டது கூட. நீ எதிரே உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்ட முகம். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன். பாண்டி பயந்துபோய் மாமியைக் கூப்பிட்டான். மாமி வருவதற்குள் அது அழுகையாகியிருந்தது. உன் வீட்டு வாசலில் வராத அழுகை, அன்றுதான் வந்தது.

ஒருநாள் கூடச் சொல்லவில்லையேடி. இத்தனை வருஷத்தில் ஒருநாள், சண்டையில் கோபத்தில் கூட வாய் தவறவில்லையே. உன்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீ எங்கே எப்படிச் சாவாய் என்பது கூடத் தெரியும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

ஆயக்குடிக்காரர் வந்து வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். முதல் உதையிலேயே பிடித்தது. முகம் மலர்ந்துபோனது. "அருமையா வெச்சிருக்கீங்க. டைமிங் யாரு வெச்சதுங்க?" என்றார். "வண்டிக்காரிதான்" என்றேன். பாண்டி என்னைப் பார்த்தான். வண்டி குட்டியானையில் ஏறித் திரும்பி மறைகிறவரை வாசலில் நின்றேன்.

என் வேலை நிற்கவில்லை. ரெட்டியார்சத்திரத்திலிருந்தும் பழனிப் பக்கமிருந்தும் பையன்கள் ரேஸ் வண்டிகளைக் கொண்டுவருகிறார்கள். கொல்லையில் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். வண்டி கிளம்பிப் போகும்போது, "பாத்துப் போப்பா" என்று சொல்கிறேன். அவர்களுக்காக நான் பயப்படுவதில்லை. பயம் இடம் மாறிவிட்டது.

ஜன்னலோரம் மகள் படித்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரமாகப் பக்கம் புரளும் சத்தம் கேட்காது. "ஆயிஷா" என்று கூப்பிடுவேன். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல." என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருப்பார். "என்னங்க" என்பேன். முதலில் எரிச்சல்பட்டார்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்டாய் என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். இப்போதெல்லாம் கூப்பிட்டால் பதில் கொடுத்துவிடுகிறார்கள். நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மாமி சுவரில் சாய்ந்து கண்மூடி உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை, பார்க்கத்தான் செய்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இருக்கேம்மா."